பட்டை வந்துவிடும், அளப்பதுதான் பாடு: மேசைக் கணினியில் சுழன்ற ஒரு கேலக்ஸி

கணினிக்குள் ஒரு கேலக்ஸியை உருவகப்படுத்திச் சுழலவிடும் முயற்சியில், ஒரு வழியாக, தைரியமாக வெளியே காட்டக்கூடிய ஓட்டம் ஒன்று முடிந்திருக்கிறது. 5 லட்சம் விண்மீன் துகள்கள், 20 லட்சம் கரும்பொருள் (ஒளிராமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்) துகள்கள், 800 கோடி ஆண்டுச் சுழற்சி. வட்டாகத் தொடங்கிய கேலக்ஸியின் நடுவில் பட்டை எழுந்தது, நீண்டது, வேகம் குறைந்தது. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கட்டத்தில் வளைந்து, பிறகு நிலக்கடலை வடிவத்துக்கு வந்து நின்றது. பட்டை வந்ததைச் சாதனையாகச் சொல்ல மாட்டேன். தட்டையான, கனமான வட்டைச் சுழலவிட்டால் அது வந்தே தீரும். எப்போது வந்தது, என்ன வேகத்தில் சுழல்கிறது என்ற இரண்டு எண்களை நம்பும்படி எடுக்கத்தான் நேரமெல்லாம் போனது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: என்ஜிசி 1300 போன்ற கேலக்ஸியின் படத்தைப் பார்த்தால், சுருள் கைகள் மையத்திலிருந்து கிளம்பாமல் நடுவில் குறுக்காகக் கிடக்கும் நீண்ட ஒளிப்பட்டையின் இரு முனைகளிலிருந்து கிளம்புவது தெரியும். அருகிலுள்ள வட்டுக் கேலக்ஸிகளை அகச்சிவப்பில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு இப்படிப் பட்டை உண்டு. நம் பால்வெளிக்கும் உண்டு. அது கெட்டியான கழி அல்ல. நீள்வட்டப் பாதையில் சுற்றும் விண்மீன்கள் தங்கள் பாதைகளை ஒரே திசையில் நீட்டி வைத்திருப்பதால் தெரியும் உருவம். இதற்கு மேல் கோட்பாடு வேண்டாம், வேலைக்குப் போவோம்.

முதல் கட்டம்: பைத்தானில் நேரடிக் கூட்டல்

ஒவ்வொரு துகளும் மற்ற எல்லாத் துகளையும் இழுக்கும் விசையை அப்படியே கூட்டுவதுதான் ஆகச் சுலபமான வழி. பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தை வைத்து எழுதினேன். 10,000 துகள் என்றால் ஒவ்வொரு காலப்படிக்கும் கிட்டத்தட்ட 5 கோடி இணைகள். மொத்த அணியையும் ஒரே அடியில் உருவாக்கப் பார்த்தால், ஒரு 10,000க்கு 10,000 அணியே 800 மெகாபைட் பிடிக்கும். அப்படி நாலைந்து அணிகள் தேவைப்படும்போது நினைவகம் நிரம்பி எல்லாம் ஸ்தம்பித்துவிடும். 500 துகளாகப் பிரித்துக் கணக்கிட்டதும் சரியாயிற்று.

அலகுகளை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. நீளம் கிலோபார்செக் (சுமார் 3,260 ஒளியாண்டு), வேகம் நொடிக்குக் கிலோமீட்டர், நிறை 1,000 கோடி சூரியன். இந்த அலகில் ஈர்ப்பு மாறிலி 43007.1 என்று வரும். கால அலகு 97.8 கோடி ஆண்டு. கால அலகை 100 கோடி என்று எடுத்துக்கொண்டாலே பெரும்பாலான இடத்தில் போதும். ஆனால் சுழல்வேகம் கணக்கிடும்போது அந்த 2 சதவீதம் வந்து நிற்கும்.

கேலக்ஸியின் அளவுகள்: வட்டின் நிறை 5,000 கோடி சூரியன், வெளியே போகப் போக அடர்த்தி குறையும் அளவுநீளம் 3 கிலோபார்செக், தடிமன் அளவு 0.3 கிலோபார்செக். அதைச் சூழ்ந்த கரும்பொருள் உறைக்கு, மையத்தில் அடர்ந்து வெளியே மெலியும் ஹெர்ன்குவிஸ்ட் வடிவம்: மொத்தம் 1.2 லட்சம் கோடி சூரியன், அளவுநீளம் 30 கிலோபார்செக். முதல் கட்டத்தில் உறையைத் துகளாகப் போடாமல் நிலையான சூத்திரமாகவே வைத்தேன்.

100 கோடி ஆண்டு தாண்டுவதற்குள் பட்டை வந்தது. வட்டின் நடுப்பகுதி சுற்றிவர 17, 18 கோடி ஆண்டு ஆகும் என்பதால், ஐந்தாறு சுற்றுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் மகிழ்ச்சிதான். அப்புறம் வட்டின் நிறையைப் பாதியாக்கிப் பார்த்தேன். அப்போதும் பட்டை மாதிரி ஒன்று நெளிந்துகொண்டே இருந்தது. எதைப் போட்டாலும் பட்டை வந்தால், அது எதைப் பற்றியும் தகவல் தராது.

1970-களில் இதே சிக்கலில் ஒரு துறையே மாட்டியிருந்தது. 1971-இல் ஃபிராங்க் ஹோல் ஒரு லட்சம் விண்மீன் கொண்ட வட்டைக் கணினியில் ஓட்டினார், பட்டை வந்தது. 1973-இல் ஜெரமையா ஆஸ்ட்ரைக்கரும் ஜிம் பீபிள்ஸும் சில நூறு துகள்களை மட்டும் வைத்து, சுழற்சி ஆற்றல் ஈர்ப்பு ஆற்றலில் 0.14 பங்கைத் தாண்டினால் வட்டு பட்டையாகச் சரிந்துவிடும் என்று காட்டினார்கள். பால்வெளி போன்றவை வட்டாகவே நீடிக்க வேண்டுமானால் கனமான உறை வேண்டும் என்ற அவர்கள் வாதம் கரும்பொருள் கதையில் முக்கியமான படி. சில நூறு துகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனவர்களை நினைத்தால் என் 10,000 துகளைப் பற்றிக் குறைசொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் கட்டம்: கருவி மாற்றமும் தொடக்க நிலையும்

துகள் எண்ணிக்கையைக் கூட்ட நேரடிக் கூட்டல் உதவாது. 1986-இல் ஜோஷ் பார்ன்ஸும் பியட் ஹட்டும் சொன்ன மரமுறைதான் வழி: தூரத்தில் உள்ள துகள்கூட்டத்தை ஒரே நிறையாக எடுத்துக்கொண்டால் வேலை மளமளவென்று குறைந்துவிடும். இதைச் செய்ய கேட்ஜெட்-4 என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. 8 செயலிக் கருக்கள், 32 ஜிகாபைட் நினைவகம் உள்ள சாதாரண மேசைக் கணினியில் தொகுத்து ஓட்டலாம். தொகுப்பதற்கான விருப்பங்களை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும்; எந்த ஓட்டத்துக்கு எந்தக் கோப்பு என்பதை ஓட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே நகலெடுத்து வைப்பது பிறகு பெரிய உதவியாக இருந்தது.

அடுத்த தலைவலி தொடக்க நிலை. துகள்களுக்கு இடம் கொடுப்பது எளிது, வேகம் கொடுப்பது கடினம். ஒவ்வொரு ஆரத்திலும் வேகச் சிதறல் (விண்மீன்களின் வேகம் சராசரியிலிருந்து விலகும் அளவு) எவ்வளவு என்று சமன்பாட்டிலிருந்து எடுத்து, மணிவடிவப் பரவலில் எண்களை இறைத்தேன். ஓட்டிப் பார்த்தால் முதல் 20 கோடி ஆண்டில் வட்டிலிருந்து வளையங்கள் வெளியே ஓடுகின்றன. வட்டு சமநிலையில் இல்லை, தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது என்பதன் அடையாளம் அது. அந்த வளையங்களே பட்டைக்கு விதையாகிவிடும். அகாமா என்ற நூலகத்துக்கு மாறினேன். அது வட்டையும் உறையையும் ஒன்றின் ஈர்ப்பில் மற்றொன்று நிலைக்கும்படி திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத் துகள்களைத் தரும். அதன் பிறகு வளையம் ஏறக்குறைய மறைந்தது.

வட்டு எவ்வளவு 'சூடாக', அதாவது எவ்வளவு வேகச் சிதறலோடு, இருக்க வேண்டும் என்பதற்கு ஆலர் டூம்ரே 1964-இல் கொடுத்த கியூ என்ற எண் இருக்கிறது. வேகச் சிதறலை, விண்மீன் தன் பாதையில் உள்ளும் வெளியுமாக ஆடும் அதிர்வெண்ணால் பெருக்கி, 3.36 மடங்கு ஈர்ப்பு மாறிலி, பரப்படர்த்தி இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் வரும். 1-க்குக் கீழே போனால் வட்டு துண்டு துண்டாக உடையும். 0.9 வைத்துப் பார்த்தேன்: பட்டைக்கு முன்பே திட்டுத்திட்டாகக் கட்டிகள் முளைத்து எதையும் அளக்க முடியாமல் போனது. 2 வைத்தால் வட்டு சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. 1.2-இல் நிறுத்தினேன். அதாவது 6.6 கிலோபார்செக் ஆரத்தில், உள்ளும் வெளியுமாக நொடிக்குச் சுமார் 34 கி.மீ. சிதறல். அந்த ஆரத்தில் விண்மீன்கள் நொடிக்கு 230 கி.மீ. வேகத்தில் சுற்றுகின்றன என்பதோடு ஒப்பிட்டால் இது சின்ன எண்தான்.

உறையை உயிரோட்டமாக, அதாவது துகள்களாகவே போட்டது மூன்றாவது திருப்பம். முதலில் வட்டுக்கு 50,000, உறைக்கு 1 லட்சம் என்று பிரித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வட்டுத் துகள் 10 லட்சம் சூரியன், ஒரு உறைத் துகள் 1.2 கோடி சூரியன். அந்தக் கனமான உறைத் துகள்கள் வட்டைக் கடக்கும்போதெல்லாம் அதை இடித்து இடித்துத் தடிமனாக்கின. பட்டை வருவதற்குள்ளேயே தடிமன் 0.3-இலிருந்து 0.5-ஐ நெருங்கிவிட்டது. வட்டுக்கு 5 லட்சம், உறைக்கு 20 லட்சம் என்று மாற்றியதும் துகள் நிறைகள் 1 லட்சம், 6 லட்சம் சூரியன் ஆயின. இன்னும் ஆறு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே சின்னதாகிவிட்டதால் இடியும் அடங்கிவிட்டது.

மூன்றாம் கட்டம்: அளவுகோல்

பட்டையின் வலிமைக்கு ஏ2 என்ற அளவை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு துகளின் கோணத்தையும் இரட்டித்து, அந்தத் திசையில் ஓர் அம்பாக வைத்து எல்லாவற்றையும் கூட்டி, மொத்த நிறையால் வகுக்க வேண்டும். முழு வட்டச் சமச்சீர் என்றால் 0, எல்லாம் ஒரே கோட்டில் இருந்தால் 1. 0.2-ஐத் தாண்டினால் பட்டை என்பது பரவலான வழக்கம். கூட்டு அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அதில் பாதிக் கோணம்தான் பட்டையின் திசை. பத்து வரி பைத்தான் போதும்.

பத்து வரியிலும் இரண்டு பொறிகள். முதலாவது மையம். கேலக்ஸி தொடங்கிய இடத்திலேயே நிற்கும் என்று நினைக்கக் கூடாது. உறையும் வட்டும் மெல்ல நகரும். நகர்ந்த மையத்தை விட்டுவிட்டுப் பழைய புள்ளியிலிருந்து கோணம் அளந்தால், இல்லாத கோணல் ஒன்று தெரியும். சுருங்கும் கோளம் என்ற எளிய முறை போதுமானது: எல்லா வட்டுத் துகளின் சராசரி இடத்தை எடு, அதைச் சுற்றிச் சற்றுச் சிறிய கோளம் வரை, உள்ளே இருப்பவற்றின் சராசரியை எடு, கோளத்தில் ஆயிரம் துகள் மிஞ்சும்வரை தொடர்.

இரண்டாவது பொறிதான் என்னை நிறைய அலைக்கழித்தது. கணினியின் வன்தட்டு இடத்தை மிச்சப்படுத்த, 10 கோடி ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் எல்லாத் துகள்களின் நிலையும் அடங்கிய கோப்பு) எழுதும்படி வைத்திருந்தேன். சுழல்வேகம் கணக்கிட்டால் ஒரு கிலோபார்செக்குக்கு நொடிக்கு 9 கி.மீ. என்று வந்தது. பால்வெளியின் பட்டைக்கு 35 முதல் 40 வரை சொல்கிறார்கள். 9 என்றால் ஆமை வேகம். அதோடு போகப் போக 4 ஆனது, பூஜ்யமானது, பிறகு பட்டை எதிர்த்திசையில் சுழலத் தொடங்கியது! உறையோடு உராய்ந்து பட்டை நின்றே போய்விட்டது என்று ஒரு விளக்கத்தையே கட்டிவிட்டேன்.

நடந்தது வேறு. பட்டைக்கு இரண்டு முனையும் ஒன்றுதான். பாதிச் சுற்றுச் சுற்றினாலே பழையபடி தெரியும். 40 வேகத்தில் சுழலும் பட்டை 10 கோடி ஆண்டில் 234 பாகை திரும்புகிறது. 180-ஐக் கழித்தால் 54. நிரல் பார்த்தது அந்த 54-ஐத்தான். அதிலிருந்து வருவதுதான் அந்த 9. வேகம் 31-ஐ நெருங்கும்போது பட்டை சரியாகப் பாதிச் சுற்று திரும்பியிருக்கும், அதனால் நின்றதுபோல் தெரிந்தது. அதற்கும் கீழே போனதும் பின்னால் சுற்றியது. திரையில் வண்டிச்சக்கரம் பின்னால் உருளுவதுபோல் தெரிவதும் இதே கணக்குதான். 1 கோடி ஆண்டுக்கு ஒரு ஸ்னாப்ஷாட் என்று மாற்றினேன். அப்போது 40 வேகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் 23 பாகைதான், குழப்பமே வராது.

ஆனால் இடம்? 25 லட்சம் துகளின் இடம், வேகம், அடையாள எண் எல்லாம் சேர்த்து ஒரு ஸ்னாப்ஷாட் 80 மெகாபைட். 800 ஸ்னாப்ஷாட் என்றால் 64 ஜிகாபைட், அதுவும் ஒரே ஓட்டத்துக்கு. எனவே ஒரு சின்ன நிரல் பின்னாலேயே ஓடி, புதிய ஸ்னாப்ஷாட் வந்தவுடன் மையம், ஏ2, கோணம், கோண உந்தம் (சுழற்சி இயக்கத்தின் அளவு) ஆகியவற்றை எழுதிக்கொண்டு, பத்தில் ஒன்பதில் உறைத் துகள்களை நீக்கிவிடும். வட்டு மட்டும் என்றால் 16 மெகாபைட்தான்.

ஓட்டம் சொன்னது

ஏ2-வை மடக்கை அச்சில் வரைந்தால் அழகான நேர்கோடு கிடைத்தது. சுமார் 20 கோடி ஆண்டுக்கு ஒருமுறை இரு மடங்கு. தொடக்கத்தில் 0.0016 அளவில் வெறும் இரைச்சல். 170 கோடி ஆண்டு வாக்கில் 0.2. அந்த இரைச்சல்தான் விஷயமே. 6 கிலோபார்செக்குக்குள் இருக்கும் துகள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது குறையும். 5 லட்சம் துகள் வட்டில் பட்டை கிட்டத்தட்ட ஏழு முறை இரட்டிக்க வேண்டும். 10,000 துகள் வட்டில் நான்கு முறை போதும். பழைய நிரலில் பட்டை அவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு இதுவே காரணம். சோதிக்க, வட்டில் 50,000 துகள் மட்டும் வைத்து ஓட்டினேன். பட்டை சுமார் 30 கோடி ஆண்டு முன்னதாக வந்தது, கணக்கு சொன்ன அதே அளவு. ஆக, 'பட்டை பிறந்த நேரம்' என்பதில் ஒரு பகுதி கேலக்ஸிக்குச் சொந்தம், ஒரு பகுதி துகள் எண்ணிக்கைக்குச் சொந்தம். வளர்ச்சி வீதம்தான் கேலக்ஸியின் உண்மையான எண். நான் இப்போது அதை மட்டும்தான் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒப்பிடுகிறேன்.

துகள்களை இறைக்கும் சமவாய்ப்பு எண்களின் விதையை மட்டும் மாற்றி அதே கேலக்ஸியை ஓட்டினாலும் நேரம் சில பத்துக் கோடி ஆண்டு முன்பின்னாக நகர்கிறது. இறுதி வலிமையும் கொஞ்சம் மாறுகிறது. ஜெரி செல்வுட்டும் விக்டர் டெபட்டிஸ்டாவும் 2009-இல் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து எழுதப்பட்ட முடிவுகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் பாதிக் கன வட்டு. 2,500 கோடி சூரியன், மற்றதெல்லாம் அப்படியே. 1982-இல் எஃப்ஸ்டதியூவும் கூட்டாளிகளும் ஒரு விதி கொடுத்தார்கள்: உச்சச் சுழற்சி வேகத்தை, வட்டின் நிறையும் அளவுநீளமும் தரும் வேகத்தால் வகுத்தால் 1.1-க்கு மேல் வர வேண்டும். வந்தால் வட்டு நிலையானது. கனமான வட்டுக்கு 0.89 வந்தது, பட்டை வரும் என்றது விதி, வந்தது. பாதிக் கன வட்டுக்கு 1.15. வரக் கூடாது. ஆனால் 600 கோடி ஆண்டு தாண்டியபின் மெதுவாக ஏ2 0.2-ஐத் தொட்டது. அதே வட்டை நிலையான உறையில் வைத்து ஓட்டினேன்: 800 கோடி ஆண்டு முடியும்வரை ஒன்றுமில்லை. வித்தியாசம் உறை உயிரோட்டமாக இருப்பதில்தான். அந்த விதியின் குறையை லியா அதனசூலா 2008-இல் இதே காரணத்தோடு எழுதியிருந்தார். முதலில் அதைப் படித்திருந்தால் ஓர் ஓட்டம் மிச்சமாகியிருக்கும். மிச்சிகோ ஃபூஜியின் குழு 2018-இல் காட்டியதும் இதோடு ஒத்துப்போகிறது: வட்டின் பங்கு குறையக் குறையப் பட்டை வரும் காலம் அடுக்குக்குறி வேகத்தில் நீள்கிறது. எனவே 'நிலையானது', 'நிலையற்றது' என்ற கோடு ஏதும் இல்லை, காத்திருக்கும் காலம் மட்டும்தான் இருக்கிறது.

இதன் பின்னணியில் பார்த்தால் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தந்த படங்கள் இன்னும் சுவையாகின்றன. 2023-இல், பிரபஞ்சத்துக்கு ஏறக்குறைய 200 கோடி ஆண்டு வயதாக இருந்தபோதே பட்டையுடன் இருந்த ஒரு கேலக்ஸியை அறிவித்தார்கள். அவ்வளவு சீக்கிரம் பட்டை வர வேண்டுமானால், அந்தக் கேலக்ஸியின் உட்பகுதியில் உறையைவிட வட்டின் கை ஓங்கியிருக்க வேண்டும். என் பாதிக் கன வட்டால் அது ஆகாது.

உயிரோட்டமான உறையின் வேலை பிறப்போடு முடிவதில்லை. பட்டை பிறந்தபோது வேகம் 40, அரைநீளம் 4.5 கிலோபார்செக். 800 கோடி ஆண்டில் வேகம் 26, அரைநீளம் 6.6. வட்டு தன் கோண உந்தத்தில் சுமார் 12 சதவீதத்தை உறைக்குக் கொடுத்துவிட்டது. மொத்தம் மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறவில்லை என்பதைச் சரிபார்த்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். பட்டையோடு ஒத்திசைவில் சுற்றும் துகள்கள் வழியாகத்தான் இந்தப் பரிமாற்றம் நடக்கிறது. 1972-இல் டொனால்ட் லிண்டன்-பெல்லும் அக்ரிஸ் கால்னாய்ஸும் காட்டிய வழி அது. நிலையான உறைக்கு வாங்கிக்கொள்ளத் தெரியாது. அதனால் கனமான வட்டை அங்கே ஓட்டியபோது வேகம் 38-க்குக் கீழே வரவில்லை, ஏ2-வும் 0.3-ஐ ஒட்டியே நின்றது. உயிரோட்டமான உறையில் 0.5 தொட்டது. பட்டையைத் தடுக்க உறை வேண்டும் என்று தொடங்கிய கதையில், அதே உறைதான் பட்டைக்கு உரம் போடுகிறது.

வேகம் குறைந்துவிட்டதே, அப்படியானால் 'மெதுவான' பட்டையா? வான்இயற்பியலாளர்கள் அதை வேறுவிதமாக அளக்கிறார்கள். விண்மீன்களும் பட்டையும் ஒரே கோணவேகத்தில் சுற்றும் ஆரத்தை எடுத்து, பட்டையின் அரைநீளத்தால் வகுக்கிறார்கள். 1-க்கும் 1.4-க்கும் இடையில் வந்தால் வேகமான பட்டை. எனக்குத் தொடக்கத்தில் 5.6-ஐ 4.5-ஆல் வகுத்து 1.24, முடிவில் 9.0-ஐ 6.6-ஆல் வகுத்து 1.36. வேகம் மூன்றில் ஒரு பங்கு போனபின்னும் அது 'வேகமான' பட்டைதான், காரணம் கூடவே நீளமும் வளர்ந்தது. இந்த அளவில் பலவீனமான கண்ணி நீளம். ஏ2 உச்சத்தில் பாதியாகக் குறையும் ஆரம், பட்டையின் திசை 10 பாகை விலகும் ஆரம் என்று இரண்டு விதமாக அளந்தால் 10 முதல் 15 சதவீதம் வேறுபடுகிறது. சுருள் கை முனையில் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் வேறுபாடு இன்னும் கூடும். சில ஸ்னாப்ஷாட்டுகளில் பட்டை திடீரென்று நீண்டு சுருங்குவதுபோல் தெரிவது அதனால்தான்.

பக்கவாட்டில்

ஆரம்ப ஓட்டங்களில் பக்கவாட்டுத் தோற்றத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் பயனில்லை. மென்மையாக்க நீளம் (அதாவது இரு துகள் மிக நெருங்கும்போது விசை எல்லை மீறாமல் மழுங்கடிக்கும் தூரம்) 0.3 கிலோபார்செக் என்று வைத்திருந்தேன், வட்டின் தடிமன் அளவே. கேட்ஜெட்டில் கொடுக்கும் எண்ணைப்போல் 2.8 மடங்கு தூரம் போன பிறகுதான் விசை முழு நியூட்டன் விசையாகிறது. ஆக 0.84 கிலோபார்செக்குக்குள் நடக்கும் மேல்கீழ் ஆட்டம் அத்தனையும் மழுங்கிவிட்டது. 0.05-க்குக் குறைத்ததும், நடுப்பகுதித் துகள்களுக்குக் காலப்படி 3 லட்சம் ஆண்டுக்கும் கீழே போனது. ஓட்டம் நீண்டது. ஆனால் காட்சி மாறியது.

பட்டை வளரும்போது விண்மீன்களின் உள்வெளி வேகச் சிதறல் ஏறுகிறது, மேல்கீழ்ச் சிதறல் அவ்வளவாக ஏறுவதில்லை. இரண்டின் விகிதம் 0.4 வரை இறங்கியபோது, 300 கோடி ஆண்டு வாக்கில், பட்டையின் நடு மேலேயும் முனைகள் கீழேயுமாக வளைந்தது. எல்லையில்லாத் தட்டுக்கு டூம்ரே கணக்கிட்ட எல்லை 0.3, பட்டைகள் அதற்கு முன்பே இப்படி வளைந்து நொடித்துவிடுகின்றன. சில சுற்றுகளில் வளைவு கலைந்து இரு பக்கமும் சமமாக உப்பி, நிலக்கடலை வடிவம் நிலைத்தது. அந்த நேரத்தில் ஏ2 0.5-இலிருந்து 0.35-க்கு விழுந்து, பிறகு மெல்ல ஏறியது. வரைபடத்தில் அந்தப் பள்ளத்தை முதலில் பார்த்தபோது கோப்பு கெட்டுவிட்டதோ என்று சந்தேகித்தேன். இந்தக் கடலை வடிவத்தை 1981-இல் கோம்பும் சாண்டர்ஸும் கணினியில் கண்டார்கள். நொடிப்பதை 1991-இல் ரஹாவும் கூட்டாளிகளும் விளக்கினார்கள். பால்வெளியின் நடுப்புடைப்பும் கடலை வடிவம்தான் என்பது 2010-க்குப் பிறகு விண்மீன் எண்ணிக்கையிலிருந்தே தெளிவாகிவிட்டது.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. மையத்தில் ஒரு கனமான புள்ளியை மெல்ல வளரவிட்டால் பட்டை கலையும் என்று சொல்வார்களே, அது. வட்டு நிறையில் 0.1 சதவீதம் வைத்தேன், அசையவில்லை. 5 சதவீதம் வைத்தேன், 200 கோடி ஆண்டுக்குள் பட்டை மங்கி நீள்வட்டப் புடைப்பாகக் கரைந்தது. பால்வெளியின் மையக் கருந்துளை சுமார் 43 லட்சம் சூரியன். என் வட்டு நிறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் பட்டைக்கு ஆபத்து வராது. இந்த ஓட்டம்தான் எல்லாவற்றிலும் மெதுவானது, புள்ளியின் அருகே போகும் ஒவ்வொரு துகளும் காலப்படியை நசுக்கிவிடுகிறது.

செலவும் அடுத்த முறையும்

பெரிய ஓட்டம் ஒவ்வொன்றும் எட்டுக் கருவையும் சில நாள் முழுதாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். 120 வாட் அளவில் இழுத்தால் ஒரு நாளைக்கு 3 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நினைவகம் ஒரு பொருட்டே இல்லை, சில ஜிகாபைட் போதும். வன்தட்டு இடம்தான் கடித்தது. இடையில் மின்சாரம் போனால் தொடர்வதற்கு மீள்தொடக்கக் கோப்பை மணிக்கொருமுறை எழுதும்படி வைப்பது கட்டாயம்.

இன்னொருமுறை தொடங்கினால் முதலில் அளவிடும் நிரலை எழுதுவேன், பிறகுதான் கேலக்ஸியை. ஏ2, கோணம், நீளம் மூன்றையும் நான் கையால் செய்த பொய்ப் பட்டையில் சோதித்திருந்தால், பின்னால் சுற்றும் பட்டையைப் பற்றி யோசித்த நேரம் மிஞ்சியிருக்கும். ஒரு பெரிய ஓட்டத்துக்குப் பதில், துகள் எண்ணிக்கையைப் பாதியாக்கி வெவ்வேறு விதையில் நாலைந்து ஓட்டங்கள் எடுப்பேன்.

பெரிய குறை வாயு. இந்தப் பதிவில் ஒரு துளி வாயுவும் இல்லை. உண்மையான கேலக்ஸியில் பட்டை வாயுவை மையத்துக்கு இறக்கும். அங்கே அது விண்மீனாகும், மைய நிறை கூடும், வாயு விட்டுக்கொடுக்கும் கோண உந்தத்தைப் பட்டை வாங்கிக்கொள்ளும், பட்டை பலவீனமாகும். அதனால் என் ஏ2 0.5 என்பது வாயு வறண்ட கேலக்ஸிக்கு மட்டுமே பொருந்தும். வட்டு நிறையில் 10 சதவீதத்தை வாயுவாக மாற்றி, வெப்பநிலை மாறாமல் வைத்து, விண்மீன் உருவாக்கம் இல்லாமல் ஒரு ஓட்டத்தை இப்போது ஏற்றியிருக்கிறேன். மென்மையாக்க நீளம் வாயுவுக்கும் 0.05. ஸ்னாப்ஷாட் 1 கோடி ஆண்டுக்கு ஒன்று.